கிரேவ்ஸ் சூப்பர்காம்ப்ளிகேஷன்: தங்கக் கடிகாரமும் அது கைமாறிய கணக்கும்

ஏலச் செய்திகள் இந்தக் கடிகாரத்தை 24 மில்லியன் டாலர் என்ற ஒற்றை எண்ணாகச் சுருக்கிவிட்டன. அது என்னென்ன செய்யும், எது அதனால் முடியாது, எங்கே கெடும், யார் யார் கையில் இருந்தது என்றெல்லாம் கேட்பவர்கள் குறைந்துபோனார்கள். இந்த மதிப்பீடு அந்தக் கேள்விகளுக்காக எழுதப்பட்டது.

பொருள் இதுதான்: நியூயார்க் வங்கியாளர் ஹென்றி கிரேவ்ஸ் ஜூனியருக்காக ஜெனீவாவின் பட்டேக் ஃபிலிப் நிறுவனம் செய்துகொடுத்த 18 காரட் மஞ்சள் தங்கப் பாக்கெட் வாட்ச். மூவ்மென்ட் (உள்ளே ஓடும் இயந்திரம்) எண் 198385, கேஸ் (வெளிக்கூடு) எண் 416769. 1925-இல் ஆர்டர், 1932-இல் வேலை முடிவு, 1933 ஜனவரி 19 அன்று ஒப்படைப்பு. விலை 60,000 சுவிஸ் பிராங்க். இதைப்போல இன்னொன்று செய்யப்படவில்லை.

விட்டம் 74 மில்லிமீட்டர், தடிமன் சுமார் 36 மில்லிமீட்டர், எடை 536 கிராம். அரைக்கிலோ பருப்புப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடப்பதற்குச் சமம் என்றால் எடை புரியும். உள்ளே 920 பாகங்கள். அவற்றில் 430 திருகாணிகள், 110 பல்சக்கரங்கள், 120 நெம்புகளும் பிற அசையும் உறுப்புகளும், 70 கற்கள். முன்னும் பின்னும் டயல் இருப்பதால் பின்பக்கத்துக்கு மூடி கிடையாது, இரண்டு பக்கமும் கண்ணாடி.

24 காம்ப்ளிகேஷன் என்று சொல்கிறார்கள். மணி, நிமிடம், வினாடி காட்டுவதற்கு மேல் கடிகாரம் செய்யும் ஒவ்வொரு வேலையும் ஒரு காம்ப்ளிகேஷன். ஆனால் எண்ணும் முறைக்குப் பொது விதி கிடையாது. கிழமை, தேதி, மாதம் மூன்றையும் தனித்தனியாக எண்ணுவோர் உண்டு, நாட்காட்டி என்று ஒன்றாகவே எண்ணுவோரும் உண்டு. இதற்கு முன் உலகிலேயே சிக்கலான கடிகாரம் என்ற பெயரை வைத்திருந்தது 1904-இல் முடிந்த லெராய் 01. அது போர்ச்சுகலின் கார்வால்யோ மொன்டேரோவுக்காகச் செய்யப்பட்டது, இப்போது பிரான்ஸின் பெசான்சோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரேவ்ஸ் கடிகாரம் அந்தப் பெயரைப் பறித்து, 1989-இல் 33 காம்ப்ளிகேஷன்களோடு பட்டேக்கின் காலிபர் 89 வரும்வரை விடாமல் வைத்திருந்தது. எண்ணிக்கைப் போட்டி அதன்பின் எங்கோ போய்விட்டது. 2015-இல் இன்னொரு சுவிஸ் நிறுவனமான வஷெரோன் கான்ஸ்டன்டின் 57-ஐத் தொட்டது. ஆகவே 24 என்ற எண்ணை வைத்து இந்தக் கடிகாரத்தை எடைபோடுவது வீண் வேலை. காலிபர் 89-க்குக் கணினி துணை இருந்தது. இதற்கு இருந்தது காகிதமும் பென்சிலும் மடக்கை அட்டவணையும். பெருமை அங்கேதான் இருக்கிறது.

போட்டிக் கதை

கிரேவ்ஸுக்கும் கார் உற்பத்தியாளர் ஜேம்ஸ் வார்ட் பேக்கார்டுக்கும் நடந்த போட்டியில் பிறந்தது இந்தக் கடிகாரம் என்று எங்கும் எழுதுகிறார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இருவரும் பட்டேக்கின் பெரிய வாடிக்கையாளர்கள் என்பது உண்மை. பேக்கார்டுக்காக 1927-இல் முடிந்த வானியல் கடிகாரத்தில், அவர் பிறந்த ஒஹாயோ மாநில வாரன் ஊரின் இரவு வானம் 500 நட்சத்திரங்களோடு இருந்தது என்பதும் உண்மை. அந்தக் கடிகாரம் இன்று ஜெனீவாவில் பட்டேக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் கிரேவ்ஸின் ஆர்டர் 1925-இலேயே போய்விட்டது, பேக்கார்டு 1928-இல் இறந்துவிட்டார். கிரேவ்ஸ் கையில் கடிகாரம் கிடைத்தபோது போட்டியாளர் என்று சொல்லப்படுபவர் இறந்து ஐந்தாண்டு ஆகப்போகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் விஞ்சத் திட்டம் போட்டார்கள் என்பதற்குக் கதையின் சுவையைத் தவிர வலுவான கடித ஆதாரம் எதுவும் முன்வைக்கப்படுவதில்லை. விற்பவர்களுக்குப் பிடித்த கதை இது. வாங்குபவர் அதற்கு விலை போடக் கூடாது.

இதைவிட முக்கியமான ஒரு பின்னணி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கடிகாரம் முடியும் தறுவாயில், 1932-இல், பட்டேக் ஃபிலிப் நிறுவனமே கைமாறியது. பொருளாதாரப் பெருமந்தத்தில் தள்ளாடிய நிறுவனத்தை, அதற்கு டயல் செய்துகொடுத்துவந்த ஸ்டெர்ன் சகோதரர்கள் வாங்கினார்கள். வங்கிகள் மூடிக்கொண்டிருந்த அந்த 1933 தொடக்கத்தில் 60,000 பிராங்க் பில்லைப் போட்டு அதை வசூலிக்கவும் முடிந்தது என்றால், வாடிக்கையாளரும் பட்டறையும் சொன்ன சொல்லில் நின்றார்கள் என்று பொருள். மூன்றாண்டு வரைபடம், ஐந்தாண்டு செய்கை என்று போன வேலை அது. சுவிட்சர்லாந்தின் ஜூ பள்ளத்தாக்கில் இருந்த சிக்கலான கடிகாரங்களின் வல்லுநர்களுடைய உழைப்பும் இதில் சேர்ந்திருக்கிறது.

பின்பக்க டயல்

முன்பக்கம் வழக்கமான மணி, கிழமை, தேதி, மாதம், நிலாப் பிறை, ஸ்டாப்வாட்ச் எண்ணிகள், சாவி மீதி ஆகியவற்றைக் காட்டுகிறது. சிறப்பு முழுவதும் பின்பக்கத்தில்.

அங்கே ஓடுவது நட்சத்திர நேரம். பூமி சூரியனை வைத்து ஒரு சுற்று சுற்ற 24 மணி. நட்சத்திரத்தை வைத்துப் பார்த்தால் 23 மணி 56 நிமிடம் 4 வினாடி. வித்தியாசம் நாளுக்கு 3 நிமிடம் 56 வினாடி, மாதத்துக்கு ஏறக்குறைய 2 மணி, ஓராண்டில் முழுசாக ஒரு நாள். முன்னும் பின்னும் ஆடி ஓட்டத்தை அளக்கும் ஒரே பாலன்ஸ் சக்கரத்தின் துடிப்பிலிருந்து இந்த இரண்டு நேரங்களையும் எடுக்க வேண்டும். அதற்கு 1.0027379 என்ற விகிதத்தைப் பல்சக்கரங்களால் கொண்டுவர வேண்டும். பல்லின் எண்ணிக்கை முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். அதனால் எந்த எண்களைப் பெருக்கி, எவற்றால் வகுத்தால் இந்தத் தசமத்துக்கு மிக அருகில் வரலாம் என்று தேடுவதே அன்றைய கணக்கர்களின் வேலை. இன்று கணினி நொடியில் தருவதற்கு அன்று நோட்டு நோட்டாகக் கணக்குப் போட்டார்கள்.

நட்சத்திர நேரத்தோடு சேர்ந்து சுழல்கிறது வான வரைபடம். நியூயார்க் மாநகரின் இரவு வானம், பால்வீதி, ஒளி அளவுக்கேற்பப் பெரிதும் சிறிதுமான நட்சத்திரங்கள். தட்டு சுழன்றாலும், நியூயார்க்கின் அடிவானத்துக்கு மேலே இருக்கும் பகுதி மட்டுமே திறப்பு வழியாகத் தெரியும். அட்சரேகை 40.7 டிகிரி என்பதால் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 41 டிகிரி உயரத்தில் நிற்கும். சென்னையில் அது 13 டிகிரிதான். நம் தென்வானில் பளிச்சென்று தெரியும் அகத்திய நட்சத்திரம் நியூயார்க்கில் எழுவதே இல்லை. ஆகவே அந்தத் திறப்பில் அதைத் தேட முடியாது. இந்தக் கடிகாரத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் அதன் வானம் பொய்யாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நூறாண்டு நெருங்கும்போது வரைபடத்தில் பிழை சேரும். பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் நட்சத்திர இடங்கள் ஆண்டுக்கு 50 வில்வினாடி (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வில்வினாடி) நகர்கின்றன. 1932-இலிருந்து கணக்கிட்டால் இப்போது ஒன்றேகால் டிகிரிக்குச் சற்றுக் கூடுதல். இவ்வளவு சிறிய தட்டில் அது கண்ணுக்குப் பிடிபடாது. திருத்தவும் வேண்டியதில்லை, திருத்தவும் கூடாது.

சூரிய உதயம், மறைவு இரண்டுக்கும் தனித்தனிச் சிறு டயல்கள். உள்ளே ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் கேம் தகடுகள், அவற்றின் விளிம்பைத் தடவிச் செல்லும் நெம்புகள், அந்த நெம்புகளால் நகரும் முட்கள். நியூயார்க்கில் ஜூனின் மிக நீண்ட பகல் 15 மணி 5 நிமிடம், டிசம்பரின் மிகக் குறுகிய பகல் 9 மணி 15 நிமிடம். கிட்டத்தட்ட ஆறு மணி நேர வீச்சு. சென்னையில் நீண்ட பகல் சுமார் 12 மணி 50 நிமிடம், குறுகியது சுமார் 11 மணி 20 நிமிடம். ஒன்றரை மணிதான் வீச்சு. எனவே கேமின் வடிவமே ஊருக்கு ஊர் வேறு. நியூயார்க் கேமை முள்ளைத் திருப்பிச் சரிசெய்து வேறு ஊருக்கு ஓட்ட முடியாது, புதுத் தகடு வெட்ட வேண்டும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கும் அமெரிக்க வழக்கமும் இதற்குச் சிக்கல். முன்பக்க மணியை ஒரு மணி தள்ளினால் உதய மறைவு எண்கள் அதோடு பொருந்தாது, பார்ப்பவர்தான் மனத்தில் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும்.

பக்கத்திலேயே நேரச் சமன்பாடு. சூரியக் கடிகாரம் காட்டும் நேரத்துக்கும் நம் கடிகார நேரத்துக்கும் உள்ள இடைவெளி அது. பிப்ரவரி நடுவில் சூரியன் 14 நிமிடத்துக்கு மேல் பிந்தும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடத்துக்கு மேல் முந்தும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டி வித்தியாசம் பூஜ்யம். இதற்கான கேம் சிறுநீரக வடிவில் இருக்கும். தேய்மானம் வந்தால் முதலில் தெரிவது வளைவின் கூர்மையான பகுதியில்தான், அதாவது நவம்பர் உச்சத்தில். முள் 16-ஐத் தொடாமல் 15-இலேயே திரும்பினால் தடவும் நெம்பின் நுனி தேய்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். எந்த நேரச் சமன்பாட்டுக் கடிகாரத்துக்கும் இந்தச் சோதனை பொருந்தும், பாகத்தைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை.

மணி ஒலி

ஒலிக்குத் தனி மதிப்பெண் கொடுக்க வேண்டும். கிராண்ட் சோனரி முறையில் வைத்தால் ஒவ்வொரு கால் மணிக்கும் காலும் அடிக்கும், மணியும் அடிக்கும். பெட்டிட் சோனரியில் கால் மணிகளில் கால் மட்டும் அடிக்கும், மணி எண்ணிக்கை முழு மணிக்கு மட்டும். இரண்டும் வேண்டாமென்றால் மௌனம். இருட்டில் நேரம் தெரிய வேண்டுமானால் மினிட் ரிப்பீட்டர், கேட்ட நேரத்தில் மணி, கால், நிமிடம் மூன்றையும் அடித்துச் சொல்லும். கால் மணிக்கு வரும் இசை, லண்டன் நாடாளுமன்றக் கோபுரத்தில் கேட்கும் வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டு.

கிராண்ட் சோனரிக்கு ஆகும் சக்தி கொஞ்சநஞ்சமல்ல. ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூட்டினால் 78. நாளுக்கு இரண்டு சுற்று, மணிக்கு நான்கு முறை என்றால் மணி அடி மட்டும் 624. கால் மணி மெட்டு இதற்கு மேல். இந்தச் சுமையை நேரம் ஓட்டும் ஸ்பிரிங்கின் மேல் ஏற்றினால் கடிகாரம் தடுமாறும். அதனால்தான் ஸ்பிரிங் பெட்டி இரண்டு, சாவி மீதி காட்டும் முள்ளும் இரண்டு. ஒரே திருகு இரண்டுக்கும் சாவி கொடுக்கும்.

அலங்காரமாகத் தோன்றும் அந்த இரண்டாவது மீதி முள் உண்மையில் பாதுகாப்புக் கருவி. ஒலி ஸ்பிரிங்கில் சாவி குறைந்தால் அடி மெதுவாகும், நடுவிலேயே நின்றும் போகும். அப்போது மணியை எண்ணும் பல்நெம்பு, நத்தை வடிவக் கேமின் மேல் விழுந்தபடியே மாட்டிக்கொள்ளும். அந்த நிலையில் யாராவது முள்ளைத் திருப்பினால் நத்தையின் படி உடையும், அல்லது நெம்பின் நுனி மடங்கும். பழைய சோனரி கடிகாரங்களில் பட்டறைக்கு வரும் பெரிய சேதங்களில் பல இந்த ஒரு காரணத்தால் வருபவை. கையாளும் வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் இரண்டு ஸ்பிரிங்குக்கும் சாவி, பிறகு ஒலியை மௌனத்தில் வைப்பது, அடித்துக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருப்பது, அதற்குப் பின் முள்ளை முன்னோக்கி மட்டும் திருப்புவது, கடைசியில் ஒலியைத் திரும்பப் போடுவது.

இன்னொன்று, காங் கம்பிகள். மூவ்மென்ட்டைச் சுற்றி வளைந்து கிடக்கும் மெல்லிய எஃகுக் கம்பிகள் இவை. அடிப்பகுதியை அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் சுருதி சேர்ப்பார்கள். தேய்த்ததைத் திரும்பச் சேர்க்க முடியாது. சாதாரண ரிப்பீட்டரில் இரண்டே கம்பி, ஒன்று கொஞ்சம் விலகினாலும் காது கவனிக்காது. வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டில் நான்கு சுரங்கள் சேர்ந்து பாட்டாக வருவதால் ஒன்று பிசகினாலும் உடனே தெரிந்துவிடும். கம்பி கேஸைத் தொட்டால் ரீங்காரம் போல ஒரு கரகரப்பு வரும். சுத்தியல் அடித்துவிட்டு மயிரிழை அளவு விலகி நிற்க வேண்டும். மிக நெருங்கினால் ஒலி அமுங்கும், தள்ளிப்போனால் மெலியும். தங்கக் கேஸில் ஒலி எஃகுக் கேஸை விட மென்மையாக வரும். இது குறையல்ல, உலோகத்தின் இயல்பு.

நிரந்தர நாட்காட்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 30, 31, பிப்ரவரி 28, 29 எல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். 2000 லீப் ஆண்டாக இருந்ததால் செய்த நாளிலிருந்து இன்றுவரை நூற்றாண்டுத் திருத்தம் தேவைப்படவில்லை. 2100 பிப்ரவரியில் முதன்முறையாகக் கையால் ஒரு நாள் தள்ள வேண்டிவரும். எச்சரிக்கை ஒன்றே ஒன்று: இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை தேதி நெம்புகள் பல்லில் கோத்துக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் திருத்துபொத்தானை அழுத்தக் கூடாது. இது எல்லா நிரந்தர நாட்காட்டிக்கும் உள்ள விதி. ஓட்டம் நின்ற கடிகாரத்தில் முட்கள் பகலைக் காட்டுகின்றனவா, இரவைக் காட்டுகின்றனவா என்று தெரியாது. ஆகவே முள்ளை நள்ளிரவு தாண்டித் தேதி மாறுவதைப் பார்த்துவிட்டு, காலை 6-க்கு நிறுத்திய பிறகே திருத்தத்தில் இறங்க வேண்டும்.

இரட்டை முள் ஸ்டாப்வாட்ச் வேலையும் உண்டு. ஒரு முள்ளை நிறுத்தி இன்னொன்றை ஓடவிடும்போது இதய வடிவக் கேமின் மேல் உருளை இழுபடும், பாலன்ஸின் வீச்சு குறையும், நேரம் பிசகும். அளவு எடுத்தவுடன் நிறுத்திய முள்ளை விட்டுவிட வேண்டும். மணிக்கணக்கில் பிடித்து வைக்கக் கூடாது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். அணிந்துகொள்ளும் பொருளாக இது தோற்கிறது. 36 மில்லிமீட்டர் தடிமனில் எந்தக் கோட்டுப் பையும் தொங்கும். முன்பக்க டயலில் இவ்வளவு முட்கள் குவிந்திருப்பதால் ஒரு பார்வையில் மணி பார்ப்பது எளிதல்ல. பேக்கார்டின் 1927 கடிகாரம் குறைந்த வேலைகளோடு அழகில் இதைவிட ஒரு படி மேல் என்று வாதிட இடமுண்டு. ஆனால் இத்தனை தொகுதிகளை ஒரே கேஸில் ஒன்றின் சக்தியை இன்னொன்று தின்றுவிடாமல் அமர்த்திய பொறியியலுக்கு, கணினிக்கு முந்தைய காலத்தில் இணை கிடையாது. பின்பக்க டயல் ஒன்றே அந்த 60,000 பிராங்குக்குத் தகும்.

கைமாறிய வழி

பழங்காலக் கடிகாரத்தின் விலையில் பாதி அதன் உரிமை வரலாறு. இதன் வரிசை குறுகியது, இடைவெளி இல்லாதது.

முதல் உரிமையாளர் ஹென்றி கிரேவ்ஸ் ஜூனியர், 1933 முதல் 1953-இல் இறக்கும்வரை. அவருக்குப் பின் மகள் க்வெண்டலின். 1960-இல் மகளிடமிருந்து பேரனுக்கு. இந்த 36 ஆண்டுகளும் கடிகாரம் ஒரே குடும்பத்தில்தான். சந்தைக்கு வராத பொருளைத் தரகர்கள் பளபளப்பாக்கவும் இல்லை, டயல் மாற்றவும் இல்லை. ஒரே குடும்பத்தில் நெடுங்காலம் இருந்தது என்ற வரி விற்பனைக் குறிப்பில் இவ்வளவு மதிப்புப் பெறுவதன் காரணம் இதுவே.

1969-இல் பேரன் அதை இல்லினாய் மாநிலம் ராக்ஃபோர்டைச் சேர்ந்த தொழிலதிபர் செத் ஆட்வுட்டுக்கு 2,00,000 டாலருக்கு விற்றார். ஆட்வுட் 1971-இல் ராக்ஃபோர்டில் ஒரு ஹோட்டலோடு சேர்ந்தாற்போல டைம் மியூசியத்தைத் திறந்தார். நீர்க் கடிகாரம் முதல் அணுக் கடிகாரம் வரை நேரம் அளந்த கருவிகளை ஒரே கூரையின்கீழ் வைத்த இடம் அது. இந்தச் சங்கிலியில் மிக நல்ல உரிமையாளர் என்றால் அவர்தான். கடிகாரத்தைப் பூட்டி வைக்காமல் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸுக்கு எழுபதுகளில் அவர் கொடுத்த ஆர்டரே பிற்பாடு கோ-ஆக்ஸியல் எஸ்கேப்மென்ட் (ஸ்பிரிங்கின் சக்தியைத் துடிப்பு துடிப்பாக விடும் ஒரு புது அமைப்பு) பிறக்க வழிசெய்தது. சேகரிப்பாளர் என்பதைத் தாண்டி, இந்தக் கலை வளர வழிவிட்டவர்.

மியூசியம் 1999 மார்ச்சில் மூடப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று நியூயார்க் சோதபீஸ் ஏலத்தில் கிரேவ்ஸ் கடிகாரம் 1,10,02,500 டாலருக்குப் போனது. முன்மதிப்பீடு 30 முதல் 50 லட்சம் டாலர், விற்றது அதன் மேல்வரம்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வாங்கியவர் பெயர் அப்போது வெளிவரவில்லை. கத்தார் அரச குடும்பத்தின் ஷேக் சவுத் பின் முகம்மது அல்-தானி அதன் உரிமையாளர் என்பது பின்னர் தெரியவந்தது. கத்தாரின் கலாசாரத் துறைக்குப் பொறுப்பாக இருந்து, உலகின் பெரிய கலைப்பொருள் வாங்குநர்களில் ஒருவராகப் பேசப்பட்டவர். 2014 நவம்பர் 9 அன்று அவர் இறந்தார். இரண்டே நாளில், நவம்பர் 11 அன்று, ஜெனீவா சோதபீஸில் கடிகாரம் மறுபடி ஏலத்துக்கு வந்தது. கமிஷன் உட்பட 2,32,37,000 சுவிஸ் பிராங்க், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 24 மில்லியன் டாலர். அரங்கில் கையுயர்த்தி எடுத்தவர் ஏல உலகில் பெயர்பெற்ற ஆரெல் பாக்ஸ், தன் வாடிக்கையாளருக்காக. அந்த வாடிக்கையாளரின் பெயர் அறிவிக்கப்படவில்லை. ஏலத்தில் விற்ற கடிகாரங்களில் உச்ச விலை என்ற இடத்தை இது 2019 நவம்பர் வரை வைத்திருந்தது. அந்த மாதம் பட்டேக்கின் எஃகுக் கைக்கடிகாரம் ஒன்று ஜெனீவாவில் நடந்த அறக்கொடை ஏலத்தில் 3.1 கோடி பிராங்குக்குப் போனது.

முதலீடாகப் பார்ப்பவர்கள் ஒட்டுமொத்த எண்ணைப் பார்த்து மயங்காமல் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1969-இலிருந்து 1999 வரை 30 ஆண்டில் விலை 55 மடங்கு, கூட்டு வளர்ச்சி ஆண்டுக்கு 14 சதவீதத்துக்குச் சற்று மேல். 1999-இலிருந்து 2014 வரை 15 ஆண்டில் இரண்டு மடங்கும் கொஞ்சமும், ஆண்டுக்கு 5 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். காப்பீடும் பராமரிப்பும் இதிலிருந்து கழிய வேண்டியவை. கையில் இருந்த காலத்தில் வாடகையோ வட்டியோ கிடையாது. பெரிய லாபம் பார்த்தது, யாரும் இதை முதலீடு என்று நினைக்காத காலத்தில் வாங்கிய ஆட்வுட்தான். பிந்தி வந்தவர் வாங்கியது பொருளையும் புகழையும் சேர்த்து.

தங்கத்தின் மதிப்பு இந்தக் கணக்கில் வரவே வராது. 18 காரட் என்றால் எடையில் 75 சதவீதம் தங்கம், அதுவும் கேஸில் மட்டும். 536 கிராமில் மூவ்மென்ட், கண்ணாடி எல்லாம் அடக்கம். உருக்கினால் கிடைப்பது ஏல விலையில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது.

சாதாரணத் தங்கப் பாக்கெட் வாட்ச் வாங்குபவருக்கு

இந்தக் கடிகாரத்துக்கு ஏலக்கூடம் செய்த சரிபார்ப்பை, ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கும் பழைய வாட்ச்சுக்கும் செய்யலாம். முறை ஒன்றுதான்.

முதல் வேலை, பின்மூடியைத் திறந்து எண்களை எழுதிக்கொள்வது. மூவ்மென்ட்டில் ஓர் எண், கேஸில் இன்னோர் எண். சுவிஸ் தயாரிப்பில் இரண்டும் வேறுவேறாக இருப்பது இயல்பு, கிரேவ்ஸ் கடிகாரத்திலேயே அப்படித்தான். கேட்க வேண்டியது இந்த இரண்டும் ஒரே கடிகாரத்துக்கு உரியவையா என்பது. பட்டேக் போன்ற நிறுவனங்கள் பழைய பேரேட்டைப் பார்த்து ஆவணச் சான்று தரும். அதில் மூவ்மென்ட் எண், கேஸ் எண், செய்த ஆண்டு, விற்ற தேதி இருக்கும். வாங்கியவர் பெயர் இருக்காது. ஆகவே ஜமீன்தார் வீட்டுக் கடிகாரம், ராஜாவின் பரிசு என்றெல்லாம் சொல்பவரிடம் சான்றைக் காட்டினால் அது அந்தக் கதையை உறுதிசெய்யாது. அதற்குத் தனியாகப் பில், உயில், பழைய புகைப்படம், பொறித்த எழுத்து ஏதாவது வேண்டும். பொறித்த எழுத்து ஆண்டோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். கடிகாரம் செய்த ஆண்டுக்கு முந்தைய தேதி பொறித்திருந்தால் கேஸ் மாறியிருக்கிறது, அல்லது பொறிப்பு பொய்.

இரண்டாவது தங்க முத்திரை. பழைய சுவிஸ் 18 காரட் கேஸில் ஒரு பெண்ணின் தலை, ஹெல்வெஷியா, சிறிய அச்சாக இருக்கும். 14 காரட்டில் அணில். பத்து மடங்கு லென்ஸில் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் நல்லது. மழுங்கி, வழுக்கி இருந்தால் கேஸைப் பலமுறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள். தங்கம் மெத்தென்ற உலோகம், ஒவ்வொரு பாலிஷிலும் கொஞ்சம் போகும், கீல் ஆடும், மூடி சரியாகக் கவ்வாது. 20 ஆண்டு, 25 ஆண்டு உத்தரவாதம் என்று பொறித்த அமெரிக்கக் கேஸ்கள் தங்கத் தகடு ஒட்டியவை, திடத் தங்கம் அல்ல. அந்த எண் தகடு தேயாமல் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கான உறுதிமொழி. அதைக் காரட் எண்ணாக நினைத்து ஏமாறுவோர் இன்றும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, எண்ணெய். ஓடுகிறது என்று விற்பவர் சொன்னால், கடைசியாக எப்போது கழற்றித் துடைத்து எண்ணெய் வைத்தார்கள் என்று கேளுங்கள். பழைய எண்ணெய் பசையாகி, தூசியோடு சேர்ந்து அரம்போல அச்சுமுனையைத் தின்னும். அப்படியே சாவி கொடுத்து ஓட்டிப்பார்ப்பதைவிட, ஓட்டாமல் பட்டறைக்குக் கொண்டுபோவது மேல். ரிப்பீட்டர் என்றால் 12 மணி 59 நிமிடத்துக்கு முள்ளை வைத்து அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். பன்னிரண்டு மணி, மூன்று கால், பதினான்கு நிமிடம் என எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும் நேரம் அது. நடுவில் இழுத்தால், ஒன்று விட்டால், கடைசி அடிகள் சோர்ந்தால், ஸ்பிரிங்கோ நத்தையோ பழுது. அதைச் சரிசெய்யும் செலவை விலையில் கழித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.